குடம் எதுவா இருந்தா என்ன, விளக்குனீங்களா?

அந்த வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். செம்புக் குடத்துத் தண்ணி குடிச்ச நம்ம முன்னோர்கள் நோய் நொடி இல்லாம வாழ்ந்தாங்க, நாம பிளாஸ்டிக்குக்கு மாறி நாசமாப் போனோம்ங்கற ரகம். கீழயே செம்பு பாட்டில் விளம்பரமும் இருக்கும். இன்னொரு பக்கம் ஒரு கோஷ்டி, "அதெல்லாம் சும்மா, குளோரின் போட்டாச்சுன்னா எந்தக் குடத்துல ஊத்தினாலும் ஒண்ணுதான்" என்று அடித்துச் சொல்லும். முதல் கோஷ்டி குடத்தைப் பத்திப் பேசுது, ரெண்டாவது தண்ணியைப் பத்திப் பேசுது. ரெண்டுக்கும் நடுவுல, குடத்தோட உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற சமாச்சாரத்தைப் பத்தி யாருமே வாயைத் திறக்கறதில்லை. இந்தப் பதிவு அதைப் பத்தி.

நான் பொட்டி தட்டறவன், நுண்ணுயிரியல் என் துறை கிடையாது. ஆனா பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆளுக்கு தண்ணியைப் பத்தியும் குடத்தைப் பத்தியும் கருத்துச் சொல்ல தனியா பட்டம் வேணுமா என்ன? :)

அந்த வழவழப்பு

மூணு நாலு நாள் வெறுமனே தண்ணி மட்டும் ரொப்பி ரொப்பி எடுத்த குடத்துக்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு வரும். நம்மாளுங்க இதைப் பாசின்னுதான் சொல்லுவாங்க. பாசிக்கு வெளிச்சம் வேணும், பச்சையா இருக்கும். மூடி போட்ட இருட்டுத் தொட்டிக்குள்ள, நிறமே இல்லாம வழுக்கறது பெரும்பாலும் பாக்டீரியா வேலை. ஆங்கிலத்துல பயோஃபிலிம், தமிழ்ல உயிர்ப்படலம்.

இது எப்படி உருவாகுதுன்னு பார்த்தா, நம்ம பைபாஸ் ரோட்டோரமா பிளாட் போடற கதை மாதிரியே இருக்கு. குடத்துல தண்ணி ஊத்தின சில நிமிஷத்துலயே, அதுல கரைஞ்சிருக்கிற கரிமப் பொருட்கள் உள்சுவர்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சு மாதிரி படியுது. நிலத்தைச் சமன் பண்றாங்கன்னு வச்சுக்குங்க. மிதந்து வர்ற பாக்டீரியா அதுல மோதும், ஒட்டும், பிடிக்கலைன்னா கழண்டு போயிடும். இந்தக் கட்டத்துல அலசி ஊத்தினாலே நிறைய போயிடும். சில மணி நேரம் விட்டா, ஒட்டினது பிசின் மாதிரி ஒரு கூழைச் சுரந்து தன்னை அங்கேயே பதிச்சுக்கும். சர்க்கரைச் சங்கிலி, புரதம், கொஞ்சம் டி.என்.ஏ. எல்லாம் கலந்த கூழ் அது. நம்ம விரல்ல தட்டுப்படற வழவழப்பு இந்தக் கூழ்தான்.

அதுக்கு அப்புறம் கூட்டம் சேரும். பாக்டீரியா ஒவ்வொண்ணும் ஒரு ரசாயன சிக்னலை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். அந்த சிக்னல் ஒரு அளவைத் தாண்டினா "ஆள் சேர்ந்தாச்சு"ன்னு அர்த்தம், உடனே எல்லாம் சேர்ந்து நடத்தையை மாத்திக்கும். படலத்துக்குள்ள சாப்பாடு வரவும் கழிவு போகவும் வாய்க்கால் கூட உண்டு. கடைசியா நகர் நிரம்பினதும் கொஞ்சம் பேர் பிச்சுக்கிட்டு கிளம்பி, தண்ணியோட போய் அடுத்த இடத்துல கல்லு நடுவாங்க. அந்த அடுத்த இடம் நம்ம சொம்பா இருக்கலாம், வயிறாவும் இருக்கலாம்.

ஒண்ணு சொல்லிடறேன். வழவழப்பு இருந்தாலே அது நோய்க்கிருமிதான்னு கிடையாது. பெரும்பாலானது நம்மை ஒண்ணும் பண்ணாத ஜீவராசிகள். ஆனா கெட்டது ஒண்ணு தண்ணியில வந்து சேர்ந்தா, அது ஒளியறதுக்குத் தயாரா ஒரு வீடு இருக்கு. பிரச்சினை அதுதான்.

கொல்றது வேற, சுரண்டறது வேற

ஹாலந்துல லீவன்ஹூக்னு ஒரு துணி வியாபாரி. தானே செஞ்ச லென்ஸுல, தன்னோட பல்லுல படிஞ்சிருந்த அழுக்கைச் சுரண்டி வச்சுப் பார்த்து, உள்ள குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தறதா 1683-ல லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பல் அழுக்கும் ஒரு உயிர்ப்படலம்தான். அவர் கவனிச்ச இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாப் படுது. வினிகர் போட்டுக் கொப்பளிச்சா அழுக்கோட மேல் பக்கம் இருக்கறதுங்க மட்டும்தான் செத்துச்சு, உள்ள இருக்கறதுங்க சௌக்கியமா இருந்துச்சு. முந்நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் பாயிண்ட்டைப் பிடிச்சுட்டார்.

குளோரினுக்கும் இதே கதைதான். தண்ணியில மிதக்கிற கிருமியைக் கொல்றதுல குளோரினை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா படலத்து மேல பட்டதும், மேல் அடுக்குக் கூழோடயே சண்டை போட்டுத் தீர்ந்துடுது. உள் அடுக்குக்குப் போய்ச் சேரும்போது கையில ஒண்ணும் மிச்சமிருக்காது. ஆன்டிபயாடிக் விஷயத்துல இன்னும் மோசம். படலத்துக்குள்ள இருக்கிற பாக்டீரியா, தனியா மிதக்கறதை விட ஆயிரம் மடங்கு வரைக்கும் மருந்தைத் தாங்கும்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில சிறுநீர்க் குழாயை மாட்டி ரொம்ப நாள் விட்டுட்டா தொத்து திரும்பத் திரும்ப வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மருந்தைக் கூட்டறதை விட குழாயையே மாத்திடறது பல சமயம் வேலைக்கு ஆகுது.

இவ்வளவு கெட்டியா இருக்க எங்க கத்துக்கிச்சுங்க? அனுபவம்தான். ஆலத்தூர் பக்கம் சாத்தனூர்ல இருக்கிற கல்மரத்தைப் பார்த்திருப்பீங்க. பன்னிரண்டு கோடி வருஷம்னு சொன்னதும் வாயைப் பிளப்போம். பாக்டீரியா படலங்கள் அடுக்கடுக்காப் படிஞ்சு கல்லான பாறைகள் ஆஸ்திரேலியாவுல இருக்கு, வயசு சுமார் 350 கோடி வருஷம். கல்மரமெல்லாம் அதுக்கு முன்னாடி நேத்துப் பொறந்த குழந்தை. அவ்வளவு காலம் தாக்குப் பிடிச்ச ஒண்ணு, மேல ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் தூவினா கும்பிடு போட்டுட்டுப் போயிடுமா?

சரி, எந்தக் குடம் நல்லது?

இப்ப நம்ம வீட்டுச் சாமான்களை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

1. செம்பு, பித்தளை: முதல் கோஷ்டிக்கு இங்க ஒரு பாயிண்ட் உண்டு, மறுக்கக் கூடாது. 2005-ல இங்கிலாந்தைச் சேர்ந்த ராப் ரீட் குழுவினர் நம்ம ஊர்ப் பித்தளைப் பாத்திரங்களை வச்சுச் சோதிச்சாங்க. ரெண்டு நாள்ல ஈ-கோலை கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சுது. 2012-ல பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் செம்புப் பானையில காலரா, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த தண்ணியை 16 மணி நேரம் வச்சு எடுத்தாங்க, கிருமி வளரவே இல்லை. தண்ணியில கரைஞ்ச செம்போட அளவும் உலக சுகாதார நிறுவன வரம்புக்கு ரொம்பக் கீழதான். ஆக, செம்புக்கு சக்தி இருக்கு. ஆனா சோதனை பண்ணது சுத்தமான பாத்திரத்துல. மாசக்கணக்கா விளக்காத குடத்துல தண்ணி தொடறது செம்பையா, செம்பு மேல படிஞ்ச அழுக்கையா?

2. எவர்சில்வர்: கிருமியைக் கொல்லாது. ஆனா வழவழப்பான உலோகம், தேய்ச்சா சுலபமா சுத்தமாகும். கீறல் விழ விழ கீறலுக்குள்ள குடியேறுங்க.

3. பிளாஸ்டிக் குடம், சின்டெக்ஸ்: புதுசுல பிரச்சினை கம்மி. பிளாஸ்டிக் மெதுவான பொருள். கம்பி நாரைப் போட்டுத் தேய்ச்சா கோடு கோடா கீறல் விழும், அடுத்த வாரம் அழுக்கு அந்தக் கோட்டுலதான் உக்காரும். தேங்கா நார், துணி, பிரஷ் போதும்.

4. மண்பானை: உடம்பு பூராவும் நுண்துளை. தண்ணி கசிஞ்சு ஆவியாகறதாலதான் சில்லுனு இருக்கு. அதே துளைக்குள்ள நார் போகாது. அதனால பானையைப் பல வருஷத்துக்கு வச்சுக் கொண்டாடாம, அப்பப்ப நல்ல வெயில்ல காய வச்சு, சீசனுக்கு ஒண்ணு மாத்தறதுதான் சரி.

5. சிமெண்ட் தொட்டி: அரியலூர்க்காரங்க கிட்ட சிமெண்ட்டைப் பத்திச் சொல்லணுமா? சொரசொரப்பான பரப்பு, கிருமிக்கு நூறு சந்து பொந்து. மழமழன்னு பூசாம விட்ட தொட்டியைச் சுத்தம் பண்றது பெரிய ரோதனை.

இதுல நம்ம பக்கத்துக்குன்னே ஒரு ஸ்பெஷல் உண்டு. அரியலூர் பூமி ஒரு காலத்துல கடல். அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். அதே சுண்ணாம்பு போர் தண்ணியில கரைஞ்சு வந்து, குடத்துலயும் குழாயிலயும் வெள்ளை வெள்ளையா படியுது. "உப்புத் தண்ணி"ன்னு சொல்லிட்டு விட்டுடறோம். அந்தப் படிவு செம்பை மூடினா செம்போட சக்தி அங்கேயே அடங்கிடும். எவர்சில்வரை மூடினா அதோட வழவழப்பும் போச்சு. எந்தக் குடம் வாங்கினாலும், விளக்காம விட்டா கொஞ்ச நாள்ல எல்லாமே சுண்ணாம்புக் குடம்தான்!

இன்னொரு ஆராய்ச்சி இதுக்கு முத்திரை குத்துது. 2004-ல ஃபின்லாந்துல குடிநீரைச் செம்புக் குழாயிலயும் பிளாஸ்டிக் குழாயிலயும் தனித்தனியா ஓட விட்டுப் பார்த்தாங்க. ஆரம்பத்துல செம்புல படலம் மெதுவாத்தான் வளர்ந்துச்சு. 200 நாள் கழிச்சு எண்ணிப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. செம்பு நமக்கு வாங்கித் தர்றது கொஞ்சம் அவகாசம்தான்.

புளியும் நாரும், அதைப் பிடிச்ச கையும்

எங்க அப்பாயி வாரா வாரம் பித்தளைக் குடத்தை புளி போட்டு விளக்குவாங்க. கிருமிக்காக இல்ல, கறுத்துப் போன குடத்தை இடுப்புல வச்சுத் தெருவுல நடந்தா மானம் போயிடும்னு. நான் என்ன நினைக்கிறேன்னா, அந்தக் காலத்துக் குடத்துல செம்பு பாதி வேலை செஞ்சுது, மீதியை அந்தப் புளி செஞ்சுது. புளியில இருக்கிற அமிலம் களிம்பையும் சுண்ணாம்பையும் கரைக்கும், நார் படலத்தைச் சுரண்டும், வாரத்துக்கு ஒரு தடவை பரப்பு புதுசாயிடும். உலோகம் கறுத்துக் காட்டிக் கொடுக்கும், பிளாஸ்டிக் காட்டிக் கொடுக்காது. பிளாஸ்டிக் வந்ததும் நாம இழந்தது செம்பை விட அந்த வாராந்திர விளக்கலைத்தான்.

"பாருங்க, அதனாலதான் பழையபடி பித்தளைக்கு மாறணும்"னு முதல் கோஷ்டி துள்ளிக் குதிக்க வேணாம். பிளாஸ்டிக் குடம் நம்ம வீட்டுக்குள்ள வந்தது ஃபேஷனுக்கு இல்ல. தண்ணியைச் சுமக்கறவங்களுக்குத் தெரியும். அடி பம்புல இருந்து வீடு வரைக்கும் தண்ணியோட கனமே இடுப்பை ஒடிக்கும், அதுக்கு மேல பித்தளையோட கனமும் சேரணுமா? முன்னோர் பெருமை பேசற ஆம்பளைங்கள்ல எத்தனை பேர் ஒரு குடத்தை விளக்கி இருக்கோம்? பெருமை உலோகத்துக்குப் போச்சு. விளக்கின கைக்கு நன்றி கூடச் சொல்லலை.

ஊர்த் தொட்டி

வீட்டுக் குடமாவது கண் முன்னாடி இருக்கு. ஊருக்கு நடுவுல நாலு காலு ஊனி நிக்குதே மேல்நிலைத் தொட்டி, அதுக்குள்ள யாராவது எட்டிப் பார்த்திருக்கோமா?

கொள்ளிடத்துல இருந்து நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் தண்ணி குழாய்லயே வருது. 2019-ல ஜல் ஜீவன் திட்டம் வந்தப்புறம் வீட்டுக்கு வீடு குழாய் போட்டாங்க. நல்ல விஷயம், குறை சொல்லலை. ஆனா குழாய் நீளம் கூடக் கூட உள்சுவரோட பரப்பும் கூடுது, படலத்துக்கு இடமும் கூடுது. குடிநீர்க் குழாய் அமைப்புகள்ல இருக்கிற நுண்ணுயிர்ல பெரும்பங்கு சுவர்லதான் ஒட்டியிருக்கு, ஓடற தண்ணியில இருக்கறது கொஞ்சம்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. நம்ம ஊர்ல தண்ணி இருபத்திநாலு மணி நேரமும் வராது. விட்டு விட்டு வரும். கர்நாடகாவுல ஹூப்ளி-தார்வாடுல அப்படி விட்டு விட்டு வர்ற குழாய்களை ஆராய்ஞ்சப்ப, திறந்ததும் வர்ற முதல் தண்ணியில கலங்கலும் கிருமியும் கூடுதலா இருந்துச்சு. "முதல் தண்ணியைப் பிடிக்காதே, கொஞ்ச நேரம் விடு"ன்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்க சொல்றதுல விஷயம் இருக்கு.

பணமும் மூளையும் இருக்கிற இடத்துல இதை எவ்வளவு சீரியஸா எடுத்துக்கறாங்கன்னு பார்க்கணும்னா கல்பாக்கத்தைப் பாருங்க. சென்னை அணுமின் நிலையம் குளிர்விக்கறதுக்கான கடல் தண்ணியை கடலுக்கு அடியில போற சுரங்கம் வழியா எடுக்குது. சுவர்ல முதல்ல படலம், அப்புறம் கொட்டலசு, மட்டின்னு வரிசையா குடியேறிடும், தண்ணி ஓட்டம் குறையும். அங்க குளோரின் போடறாங்க, அதை ஆராயறதுக்குன்னே விஞ்ஞானிகள் இருக்காங்க. அணு உலைக்கே சுவத்துல ஒட்டறது தலைவலி. நம்ம பஞ்சாயத்துத் தொட்டிக்கு மட்டும் அது இல்லையா?

இன்னொரு கூத்து. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு சொட்டுநீர் போட்டிருக்கிற விவசாயியைக் கேளுங்க. சுண்ணாம்பும் வழவழப்பும் சேர்ந்து சொட்டுவாயை அடைச்சுடும், அமிலம் விட்டு அலசணும், கடைசி முனையைத் திறந்து விட்டு அழுக்கை வெளியேத்தணும்னு பாடமே எடுப்பார். வெங்காயத்துக்குத் தண்ணி போற குழாயை இப்படிப் பார்த்துக்கற ஊர்ல, பிள்ளைங்க குடிக்கிற தொட்டியோட மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லை. சொட்டுவாய் அடைச்சா பயிர் வாடறது கண்ணுக்குத் தெரியுது. பிள்ளைக்கு வயித்தால போனா, நேத்துத் தின்ன மாம்பழத்து மேல பழியைப் போட்டுடறோம்.

தொட்டிச் சுவத்துல ஒரு கட்டம் போட்டு "சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்"னு எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. சில ஊர்ல தேதி ஒழுங்கா மாறும். சில ஊர்ல பெயிண்ட் உதிர்ந்து போற வரைக்கும் அதே தேதிதான். அதுக்காக உடனே டேங்க் ஆபரேட்டரைத் திட்டக் கிளம்பிடாதீங்க. சொற்பச் சம்பளம், அதுவும் சில ஊர்ல மாசக்கணக்குல பாக்கி. துருப்பிடிச்ச ஏணியில ஏறி, காத்துப் புகாத தொட்டிக்குள்ள இறங்கி, குனிஞ்சு நிமிர்ந்து சுவரைத் தேய்ச்சு, சகதியை வாளியில அள்ளணும். பல இடத்துல இடுப்புல ஒரு கயிறு கூட இல்லாம. தேய்க்காம பிளீச்சிங் பவுடரை மட்டும் கொட்டிட்டு இறங்கிடறார்னா, அந்த வேலையை நாம எந்த லட்சணத்துல வச்சிருக்கோம்னு முதல்ல யோசிக்கணும்.

என்னதான் பண்ணணும்ங்கற?

வீட்டுல:

- குடமோ கேனோ, கை உள்ள போற அளவுக்கு வாய் இருக்கறதா வாங்குங்க. கை போகாத பாத்திரம் எந்த உலோகமா இருந்தாலும் வேஸ்ட். செம்பு பாட்டில் வாங்கினவங்க, கூடவே நீளமான பிரஷ்ஷும் வாங்கிடுங்க.
- தினமும் பழைய தண்ணியைக் கொட்டி அலசுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது தேய்ச்சுக் கழுவிக் கவுத்து, நல்லாக் காய விடுங்க.
- சின்டெக்ஸை முழுசா வடிச்சு, தேய்ச்சு, சகதியை வெளியேத்திட்டு அப்புறம் பிளீச்சிங் கரைசல். கொஞ்ச நேரம் விட்டு அதையும் வடிச்சுடணும். முதல்ல தேய்க்கறது, அப்புறம் மருந்து. இந்த வரிசை மாறக் கூடாது.
- சுண்ணாம்பு எடுக்க ஆசிட் போட்டா, அதோட பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. ரெண்டும் கலந்தா வர்ற குளோரின் வாயு ஆளையே தூக்கிடும்.
- இந்த வேலையை வீட்டு ஆம்பளைங்களும் செய்யலாம். கை தேஞ்சு போயிடாது.

ஊருல: தமிழ்நாட்டுல உலக தண்ணீர் தினமான மார்ச் 22-லயும் கிராம சபை கூட்டறாங்க. அங்க எந்திரிச்சுக் கேட்கறதுக்கு மூணு கேள்வி தர்றேன். தொட்டியை கடைசியா எப்ப தேய்ச்சாங்க? தேய்க்கிறவருக்கு நல்ல ஏணி, இடுப்புக் கயிறு, மேல நின்னு பார்த்துக்க இன்னொரு ஆள் இருக்கா? அவருக்கு போன மாசச் சம்பளம் போட்டாச்சா?

புதுத் தொட்டி கட்டினா கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். பழைய தொட்டியைத் தேய்க்கறதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டாங்க. அதனாலதான் கட்டறதுக்குக் கிடைக்கிற பணம் பராமரிக்கறதுக்குக் கிடைக்கறதில்லைன்னு நினைக்கிறேன். மறுத்துப் பேசறவங்க தாராளமா வாங்க.

டிஸ்கி: செம்பு பாட்டில் வியாபாரிகள் மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துல கொடுத்த கிஃப்ட். பிரஷ்தான் கொடுக்கலை. :)